இறக்கிய எடை மறுபடி ஏறாமல் இருக்க



சென்ற மாதம் கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் என்னைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இப்பொழுது மகன் வீட்டில், அடுக்குமாடியில் இருக்கிறார். "டிரஸ்ஸரய்யா, போன தைப்பூசத்துக்கு விரதம் இருந்து எட்டுக் கிலோ இறக்கினேன். எல்லாரும் மெச்சினாங்க. இப்போ பாருங்க, பத்துக் கிலோ ஏறி நிக்குது. நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் என் தாயாருக்கும் இதேதான் நடந்தது. எடையை இறக்குவதைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். இறக்கிய எடையை அங்கேயே நிறுத்தி வைப்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த இரண்டாவது வேலைதான் பெரிய வேலை. ஆகவே இந்த மாதம் அதையே எழுதுகிறேன்.

முதலில், இந்த எடை எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்போம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா விடியுமுன்னே எழுந்து, சோறு பொங்கி, எங்களுக்கும் எடுத்து வைத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போவார். சுமார் 500 மரம் வெட்ட வேண்டும். வெட்டி முடிந்ததும் திரும்ப அதே மரங்களைச் சுற்றி வந்து பால் எடுக்க வேண்டும். காண்டாக் கம்பில் இரண்டு வாளியையும் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வர வேண்டும். மேடு, பள்ளம், அட்டை, கொசு. வீட்டுக்கு வந்தால் தண்ணீர் தூக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும். அந்த உடம்பு ஒரு தட்டு நிறையச் சோற்றைக் கேட்டது, அதற்குக் கொடுத்தோம். கெட்டிப்பால் போட்ட தேத்தண்ணியைக் கேட்டது, அதையும் கொடுத்தோம். சாப்பிட்டது முழுவதும் அன்றைக்கே காட்டில் கரைந்து போனது. அந்தக் காலத்தில் லயத்தில் தொப்பை வைத்த ஆளைப் பார்ப்பது அபூர்வம். கிராணிக்கு இருக்கும், கடைக்காரருக்கு இருக்கும்.

பிறகு தோட்டங்கள் போயின. 1970களின் மத்தியிலிருந்து சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. புக்கிட் ஜெலுத்தோங் வீடமைப்பு ஆனது. புக்கிட் ராஜாவில் பண்டார் புக்கிட் ராஜா எழும்பியது. நம் ஜனங்கள் கிள்ளான், பண்டமாரான், பூச்சோங், ஷா ஆலாம் பக்கம் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். சிலர் தோட்டத்திலேயே ஓய்வு பெற்றார்கள். எங்கே போனாலும் உடம்பு வேலை நின்றது. சோற்றுத் தட்டின் அளவு மட்டும் நிற்கவில்லை. வாளி சுமந்த காலத்துச் சோற்றை, தொலைக்காட்சி பார்க்கும் காலத்தில் சாப்பிடுகிறோம். இது பேராசை அல்ல, நாற்பது வருஷத்துப் பழக்கம். கையே அளந்து போடுகிறது.

அதோடு வயதும் சேர்கிறது. வயது ஏற ஏற நம் தசை தானாகவே குறைகிறது. தசைதான் சும்மா இருக்கும்போதும் சாப்பாட்டை எரிக்கும் அடுப்பு. அடுப்பு சின்னதானால் விறகும் குறைய வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு கொழுப்பு இடுப்பை விட்டு வயிற்றுக்கு ஏறுகிறது. வயிற்றுக் கொழுப்புத்தான் இருப்பதில் கெட்டது. அது குடலையும் ஈரலையும் சுற்றி உட்கார்ந்து இனிப்பு நீரையும் இரத்தக் கொதிப்பையும் கூட்டி வருகிறது.

2023ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 54 பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்று தெரிந்தது. பாதிக்கு மேல்! 2019ஆம் ஆண்டின் ஆய்வில் இனிப்பு நீர் நாடு முழுவதும் 100க்கு 18 பேருக்கு இருந்தது. இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 100க்கு 31 பேர். கோயில் அன்னதான வரிசையில் மூன்று பேர் நின்றால் அநேகமாக ஒருவர். என் அப்பா அந்த ஒருவராக இருந்தார். கால் விரலில் வந்த சின்னப் புண்ணை இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டார், முழங்காலுக்குக் கீழே போயிற்று. அப்பொழுது நான் இந்த வேலையில் புதியவன். அதனால்தான் இந்த விஷயத்தை எழுதும்போது என் கை கொஞ்சம் அழுத்தி எழுதுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எடை அதிகமா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தால் ஒரு முறை வகுத்து, வந்த விடையை உயரத்தால் இன்னொரு முறை வகுங்கள். 1.60 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு 27.3 வரும். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி 23க்கு மேல் அதிக எடை, 27.5க்கு மேல் உடல் பருமன். கணக்கு வராதவர்கள் பேரப்பிள்ளையைக் கேளுங்கள். அல்லது தையல்கார டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வந்துவிட்டால் கவனம் வேண்டும். வயதானவர்களுக்கு நான் இந்த டேப்பைத்தான் பெரிதும் நம்புகிறேன். தசை கரைந்து கொழுப்பு ஏறியிருந்தால் தராசுக்குத் தெரியாது, டேப்புக்குத் தெரியும்.

அளந்து பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எண்பது கிலோ இருப்பவர் ஐம்பத்தைந்து கிலோவுக்கு வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வயதான காலத்தில் அது நல்லதும் அல்ல. அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி செய்து 2002இல் வெளியிட்டார்கள். எல்லாரும் இனிப்பு நீரின் வாசற்படியில் நின்றவர்கள். எடையில் 100க்கு 7 பங்கு குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிஷம் நடக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அப்படிச் செய்தவர்களுக்கு இனிப்பு நீர் வருவது 100க்கு 58 பங்கு குறைந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கோ 71 பங்கு குறைந்தது! இளவட்டங்களைவிடக் கிழவர்களுக்கே பலன் அதிகம். "இனிமே என்னத்த, வயசாயிருச்சு" என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் ஜனங்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து இதே போல் செய்து 2006இல் எழுதினார்கள். சாப்பாட்டையும் நடையையும் சரி செய்துகொண்டவர்களுக்கு இனிப்பு நீர் வருவது 100க்கு 28 பங்கு குறைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை! தராசு அசையாவிட்டாலும் நடந்தவனுக்கு நடந்த பலன் கிடைக்கிறது. தராசு நகரவில்லை என்று கோபித்துக்கொண்டு நடையை விடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சரி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இறக்கியது ஏன் ஏறுகிறது?

எடை இறங்கியதும் உடம்பு சந்தோஷப்படும் என்று நாம் நினைக்கிறோம். உடம்புக்கு அப்படித் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்று அது நினைக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த நம் தாத்தா பாட்டிகளின் உடம்பு அப்படித்தான் பிழைத்தது. மெல்பர்ன் நகரில் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த சாப்பாடு கொடுத்து, சராசரி 13 கிலோவுக்கு மேல் இறக்கினார்கள். ஒரு வருஷம் கழித்து அவர்கள் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால், பசியைத் தூண்டும் சுரப்புகள் இன்னும் உயர்ந்தே இருந்தன. 2011இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. ஆக, இறக்கியவனுக்கு முன்னைவிட அதிகம் பசிக்கிறது. உடம்பு சின்னதானதால் அதற்குத் தேவையோ முன்னைவிடக் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதனைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று வீட்டார் பேசுவது நியாயமில்லை.

இன்னொரு காரணம் நாம் இறக்கும் விதம். என் தாயார் கதையைச் சொல்கிறேன். கிள்ளானுக்கு வந்து சில வருஷத்தில் 80 கிலோ ஆகிவிட்டார். முழங்கால் வலி. நாலாவது மாடி, மின்தூக்கி அடிக்கடி கெட்டுப்போகும். யாரோ சொன்னார்கள் என்று காலையும் இரவும் வெறும் கஞ்சித் தண்ணி, மத்தியானம் மட்டும் கொஞ்சம் சோறு, அதற்கு ஒரு ரசம் என்று இருந்தார். நாலு மாதத்தில் 71 கிலோ. எனக்கே பெருமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வெள்ளையுடை போட்டவன், எனக்கும் புத்தி இல்லை. ஒரு நாள் கோயிலில் தரையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கரைந்ததில் கொழுப்பு மட்டுமா இருந்தது? தொடைத் தசையும் சேர்ந்து கரைந்து போயிருக்கிறது. அடுத்த ஒரு வருஷத்தில் எடை திரும்ப 80க்கு வந்தது. திரும்பி வந்தது கொழுப்பு. போன தசை தானாகத் திரும்பி வரவில்லை.

ஆகவே வயதானவர்கள் பட்டினி கிடந்து எடை இறக்கக் கூடாது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் 65 வயதுக்கு மேற்பட்ட 107 பேரைப் பிரித்து ஒரு வருஷம் பார்த்தார்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்களும், குறைத்ததோடு உடற்பயிற்சியும் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு எடை குறைந்தார்கள். ஆனால் எழுந்து நடக்கவும் படி ஏறவும் அதிக பலம் பெற்றவர்கள், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே. தசையை இழந்ததும் அவர்கள் குறைவு.

அம்மாவுக்கு இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்தோம். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

தட்டை மாற்றினோம். சுகாதார அமைச்சு மலாயில் "சுக்கு சுக்கு செபாரோ" என்று சொல்லிக்கொடுக்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டில் முக்கால் பங்கு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கீரை, ஊறுகாய். முதல் நாள் அம்மா தட்டைப் பார்த்து, "இது என்ன, கோழிக்குப் போடுற மாதிரி" என்றார். ஒரேயடியாகக் குறைக்கவில்லை. மூன்று கரண்டி போடும் சோற்றை இரண்டரை ஆக்கினோம், இரண்டு வாரம் கழித்து இரண்டு. அந்த இடத்தில் கங்கோங், சாவி, முட்டைக்கோஸ், வெண்டைக்காய், முருங்கைக்கீரை. பொரித்த அப்பளம் காய்கறி ஆகாது, உருளைக்கிழங்கு பிரட்டலும் ஆகாது. அதுவும் சோற்றுக்கு அண்ணன் தம்பிதான்.

குறைக்கக் கூடாத பங்கு ஒன்று உண்டு, அது மீனும் முட்டையும் பருப்பும். தசையைக் காப்பது அதுதான். வயதானவர்கள் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் புரதமாவது ஒரு நாளில் சாப்பிட வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். கெம்போங் மீன், தௌஹு, தெம்பே, பாசிப்பயறு எல்லாம் பசாரில் கைக்கெட்டும் விலைதான். "வயசானவங்களுக்கு மீனு எதுக்கு, புள்ளைங்க சாப்பிடட்டும்" என்று நம் பாட்டிமார்கள் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறார்கள். இது பாசம்தான், ஆனால் அந்தப் பாட்டிக்கு அந்தத் துண்டு மீன் மருந்து. மருமகப்பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குடிப்பது. நம்மில் பலருக்கு எடை சாப்பாட்டில் ஏறுவதைவிட கிளாசில் ஏறுகிறது. ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் சீனி இருக்கிறது. கடையில் போடும் தே தாரிக்கில் எத்தனை கரண்டி விழுகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் கூட்டாளிகளோடு ஒன்று, மழை பெய்தால் இன்னொன்று. என் பெரியவரிடம் கேட்டேன், ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் என்றார். "சோத்தைப் பாதியா கொறச்சிட்டேனே ஐயா" என்றும் சொன்னார். சோற்றில் விட்டதைக் கிளாசில் பிடித்துவிட்டார்! தே ஓ கோசோங், கோப்பி ஓ கோசோங் கேட்டுப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும், பிறகு பழைய தேவைக் குடித்தால் திகட்டும். மைலோவும் இதில் சேர்த்திதான். சத்து பானம் என்று பெரியவர்களுக்கு மூன்று வேளையும் கலக்கிக் கொடுக்கிறார்கள். அதில் கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைச் சாப்பாட்டை நான் தடை போட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடாமல் யார் வருவார்? சோறு இரண்டாம் முறை வரும்போது இலையை மறைத்துக்கொள்ளுங்கள், கறியையும் காயையும் நிதானமாகச் சாப்பிடுங்கள், பாயாசத்தைப் பங்கு போடுங்கள். அவ்வளவு போதும்.

இப்பொழுது நடைக்கு வருவோம். ஒரு மங்குச் சோற்றில் உள்ள சக்தியைக் கரைக்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம் விரைவாக நடக்க வேண்டும். ஆகவே நடந்தே எடையை இறக்கிவிடலாம் என்று நினைப்பது கஷ்டம். இறக்குவது பெரும்பாலும் தட்டில் நடக்கிறது. ஆனால் இறக்கியதைப் பிடித்து வைப்பது காலில் நடக்கிறது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு முதல் ஒரு பெரிய பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13 கிலோவுக்கு மேல் இறக்கி ஒரு வருஷமாவது ஏறவிடாமல் வைத்திருப்பவர்கள் மட்டும் அதில் பெயர் கொடுக்கலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் இறக்கிய விதம் பலவிதம். இறக்கிய பிறகு செய்வதோ பெரும்பாலோருக்கும் ஒன்றுதான்: தினம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடை அல்லது அதுபோன்ற அசைவு, வாரம் ஒரு தடவையாவது எடை பார்ப்பது, காலைச் சாப்பாட்டை விடாமல் இருப்பது.

ஒரு மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம், கடைக்குப் போய் வர இருபது நிமிஷம். நம் ஆட்களுக்கு நடை புதிதா என்ன? தோட்டத்தில் இருப்பவர்களுக்கு லயத்திலிருந்து பெரட்டுக்களம் வரை செம்மண் ரோடு இருக்கிறது. டவுனில் வாகனத்துக்குப் பயந்தவர்கள் அடுக்குமாடியைச் சுற்றி நடக்கலாம், மழைக்காலத்தில் பேரங்காடிக்குள் நடக்கலாம், பணத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். புகைமூட்டம் வந்தால் வெளியே போகாதீர்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் சிலிப்பரில் நடக்க வேண்டாம். மூடிய சப்பாத்து, காலுறை. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அப்பாவின் கதைதான் எழுதிவிட்டேனே.

நடை மட்டும் தசையைக் காக்காது. வாரத்தில் இரண்டு நாளாவது பலம் கொடுக்கும் பயிற்சி வேண்டும். சுவரோடு ஒட்டி ஒரு நாற்காலியைப் போடுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள், மெதுவாக உட்காருங்கள். பத்துத் தடவை. முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றி எழுந்திருங்கள். பிறகு சுவரில் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்து தள்ளுங்கள், அதுவும் பத்து. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து மடக்கி நீட்டுங்கள். கடைசியாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். கால் மணி நேரம் ஆகாது. அம்மா முதல் நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மூன்று தடவைதான் எழுந்தார். நாலு மாதம் கழித்துப் பன்னிரண்டு.

எடை எவ்வளவு இறங்கியது என்று கேட்பீர்கள். பத்து மாதத்தில் 80 கிலோ 73 ஆனது. கணக்குப்படி அவர் இன்னும் பருமன்தான், யாரும் மெச்சவில்லை. அந்த 73, மூன்று வருஷமாக 72க்கும் 74க்கும் நடுவில் நிற்கிறது. நாலு மாடி ஏறுகிறார், நடுவில் ஒரு தடவை நிற்பார். இரத்தக் கொதிப்பு மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்தினார்.

நிற்க வைத்தது என்ன என்றால், ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்குப் போகுமுன், வெறும் வயிற்றில், ஒரே தராசில் நின்று எடையை எழுதுவார். அவருக்கு எழுத வராத நாளில் பேத்தி எழுதுவாள். தீபாவளி மாதம், கல்யாண மாதம் எல்லாம் அதில் தெரியும். ஒரு கிலோ ஏறினால் நாங்கள் அலட்டிக்கொள்வதில்லை, தண்ணீராகவும் இருக்கலாம். 75ஐத் தொட்டால் அந்த வாரமே சோற்றில் அரைக் கரண்டி குறையும், கடைத் தேத்தண்ணி நிற்கும், நடை பத்து நிமிஷம் கூடும். இரண்டு கிலோவில் பிடித்தால் மூன்று வாரத்தில் திரும்பும். பத்துக் கிலோ ஏறவிட்டுப் பிடித்தால் இன்னொரு பட்டினிதான். பெரியவர் தைப்பூசத்துக்குப் பிறகு தராசில் ஏறவே இல்லையாம், பயமாம்.

பேரப்பிள்ளைகள் மிச்சம் வைப்பதைச் சாப்பிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். பிள்ளைக்கு முதலிலேயே கொஞ்சமாகப் போடுங்கள், வேண்டுமானால் மறுபடி போடலாம். நம் வயிறு குப்பைத் தொட்டி இல்லை.

இனி சில எச்சரிக்கைகள்.

இனிப்பு நீருக்கு ஊசி போடுபவர்களும், கிளிக்கிளாசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும், டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்து அதே அளவு, சாப்பாடு பாதி என்றால் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. அப்படி வந்தால் உடனே சீனி கலந்த தண்ணீர் குடிக்க வேண்டும், ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். முன்கூட்டியே சொன்னால் டாக்டர் மருந்தைக் குறைத்துக் கொடுப்பார்.

மெலிய வைக்கும் கோப்பி, மாத்திரை, மூலிகைப் பொடி என்று பாசார் மாலாமிலும் கைப்பேசியிலும் விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் சிபுத்ராமின் என்ற மருந்தை இரகசியமாகக் கலந்திருப்பதை நம் அரசாங்கமே பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இருதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. பசியே இல்லை, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் அந்தக் கோப்பியை நிறுத்திவிட்டு பாக்கெட்டோடு கிளினிக்குக்கு வாருங்கள்.

வாரம் ஒரு முறை போடும் புதிய ஊசிகளைப் பற்றியும் இளையவர்கள் கேட்கிறார்கள். செமாகுளூடைட் நல்ல மருந்துதான், டாக்டர் பார்த்துக் கொடுத்தால். ஆனால் அதை நிறுத்தியவர்களை ஒரு வருஷம் கவனித்துப் பார்த்ததில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. தட்டும் காலும் மாறாமல் ஊசி மட்டும் போதாது. சொந்தப் பணத்தில் மாதாமாதம் வாங்குவதென்றால் நம் கைக்கு எட்டாத விலை என்பது வேறு விஷயம்.

ஒன்றும் செய்யாமலே எடை குறைகிறவர்களும் உண்டு. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். ஆறு மாதத்தில் மூன்று, நாலு கிலோ காரணமில்லாமல் இறங்கினால் அது நோயின் அடையாளமாக இருக்கலாம். காசநோய், தைராய்டு, கட்டுப்படாத இனிப்பு நீர், புற்றுநோய் எல்லாம் அப்படி வரும். தாமதிக்காமல் பரிசோதனை செய்யுங்கள்.

பரிசோதனைக்குக் காசில்லை என்று சொல்ல வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தானில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. 2019இல் தொடங்கிய பெகா பி40 திட்டத்தில், அரசாங்க உதவித் தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தனியார் கிளினிக்கிலேயே இலவசப் பரிசோதனை உண்டு. அடையாள அட்டையோடு போய், "நான் இதில் இருக்கிறேனா பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பெரியவருக்கு நோட்டுப் புத்தகம் ஒன்று கொடுத்து அனுப்பினேன். முதல் பக்கத்தில் அவர் கையாலேயே 84 என்று எழுதினார். கிளாஸ் நாலை இரண்டாக்குவதாகவும், அந்த இரண்டும் கோசோங் என்றும் ஒத்துக்கொண்டார். சோற்றைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்றிருக்கிறோம். தோட்டத்து மருந்தகத்தில் தராசும் டேப்பும் இருக்கின்றன. ஓய்வு பெற்றுப் போனவர்களும் வரலாம், காலையில் பெரட்டு முடிந்த பிறகு நான் இருப்பேன். சாப்பிடுகிற மருந்துச் சீட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.